யூரினை அடக்க முடியாமல் போன நாள்: அன்றைய கதிர்வீச்சு வீணா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

எழுதியிருப்பவர் 47 வயதுப் பெண். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், 2பி நிலை (கட்டி கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் போயிருக்கும் நிலை). அறுவை சிகிச்சை வேண்டாம், கதிர்வீச்சும் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் கீமோவும் கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வெளியிலிருந்து 25 நாள் கதிர்வீச்சு, அது முடிந்ததும் உள்கதிர் சிகிச்சை, அதாவது உடம்புக்குள்ளேயே கருவியை வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. கடிதம் எழுதும்போது 14 நாள் முடிந்திருந்தது.

தினமும் யூரின் போய்விட்டு வந்து, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் கழித்து மேஜையில் ஏற வேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட முறை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இருமினாலும் தும்மினாலும் இவருக்குக் கொஞ்சம் கசியும். இதுவரை எந்த டாக்டரிடமும் அதைச் சொன்னதில்லை. எட்டாவது நாள் மிஷின் தாமதமாகிவிட, தண்ணீர் குடித்த பிறகு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். மேஜையில் படுத்ததும் அடக்க முடியாமல் போய்விட்டது. சுத்தம் செய்துவிட்டு அன்றைய கதிர்வீச்சைக் கொடுத்து முடித்தார்கள். "அந்த அவமானத்தில் மறுநாள் போகவே பிடிக்கவில்லை" என்று எழுதுகிறார்.

அதன்பின் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். "திங்கட்கிழமை மட்டும்தான் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அன்றைக்குக் கஷ்டப்பட்டு நிரப்பிக்கொண்டு போகிறேன். மற்ற நாளெல்லாம் கூப்பிடுவதற்கு முன் சத்தமில்லாமல் பாதி போய்விட்டு, நிறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்." இரவு எட்டு மணிக்கு மேல் தண்ணீரைத் தொடுவதும் இல்லையாம். மூன்று நாளாக எரிச்சல் வேறு. யூரினை அடக்கினால் கிட்னி கெட்டுவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். யூரின் தானாக வெளியேற ஒரு டியூப் போட்டுவிட்டால் என்ன என்று கணவர் கேட்கிறார். இவருடைய கேள்விகள் இரண்டு: எட்டாவது நாள் கதிர்வீச்சு வீணாகிவிட்டதா? பத்து நாள் ஓய்வெடுத்துவிட்டு மிச்சத்தைத் தொடரலாமா?

பதில்

அன்புச் சகோதரி,

இரண்டுக்கும் 'இல்லை' என்பதுதான் பதில். எட்டாவது நாள் வீணாகவில்லை. பத்து நாள் ஓய்வு வேண்டாம். ஆனால் நீங்கள் கேள்வியாகவே கேட்காமல் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு விஷயம்தான் என்னை யோசிக்க வைத்தது. திங்கட்கிழமை மட்டும் நிரப்பிக்கொண்டு போவதைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும் அந்த எட்டாவது நாள்.

25 நாளில் ஒரு நாள் என்பது வெளிக்கதிர் சிகிச்சையில் நூற்றுக்கு நான்கு பங்கு. அந்த நான்கு பங்கும்கூட எங்கேயோ போய்விடவில்லை. திட்டம் போடும்போதே, உள்ளுறுப்புகள் தினமும் அங்கே இங்கே கொஞ்சம் நகரும் என்று தெரிந்துதான் நோய் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு விளிம்பு விட்டு வரைகிறோம். நீர்ப்பை (யூரின் தேங்கும் சிறுநீர்ப்பை) திடீரென்று காலியானால் அதிகம் நகர்வது கர்ப்பப்பையின் மேல்முனை. கட்டி இருக்கும் கர்ப்பப்பை வாய் அந்த அளவுக்கு நகராது. அதனால் அன்றைக்கும் அதற்குச் சேர வேண்டியதில் பெரும்பகுதி சேர்ந்திருக்கும். அப்புறம், உங்களுக்கு இன்னும் உள்கதிர் சிகிச்சை பாக்கி இருக்கிறது. கட்டியின் மையத்துக்கு மிக அதிகமான கதிர்வீச்சு போவது அப்போதுதான். ஒருநாள் தடுமாறியதை வைத்து நோய் குணமாகாது என்று முடிவு கட்ட எந்த நியாயமும் இல்லை.

நீர்ப்பைக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம்?

எதற்காக நிரப்பச் சொல்கிறோம் என்பதை உங்களுக்கு யாரும் உட்கார வைத்து விளக்கியதாகத் தெரியவில்லை. விளக்கியிருந்தால் பாதி போய்விட்டுப் படுக்கும் யோசனையே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அடிவயிற்றில் முன்பக்கம் நீர்ப்பை, பின்பக்கம் மலக்குடல், நடுவில் கர்ப்பப்பை. பெரும்பாலான பெண்களுக்குக் கர்ப்பப்பை முன்னோக்கிச் சாய்ந்து, தலையணையில் தலை வைத்ததைப் போல நீர்ப்பையின் மேல் படுத்திருக்கும். தலையணை உப்பினால் தலை உயரும், அமுங்கினால் தலை இறங்கும். நீர்ப்பை நிறையும்போது கர்ப்பப்பையின் மேல்பகுதி மேலும் பின்னுமாகப் போகிறது, காலியாகும்போது முன்னால் சாய்ந்து கீழே இறங்குகிறது. இந்த நகர்வு சிலருக்குச் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். சிலருக்குப் பல சென்டிமீட்டர் வரை போகும். பிறவியிலேயே கர்ப்பப்பை பின்னோக்கிச் சாய்ந்திருப்பவர்களுக்கு நகரும் விதமே வேறு. இதையெல்லாம் தெரிந்துகொள்ளத்தான் பல இடங்களில் திட்டமிடும் ஸ்கேனை நீர்ப்பை நிரம்பிய நிலையில் ஒருமுறையும் காலியான நிலையில் ஒருமுறையும் எடுப்பார்கள். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், இந்த உடம்பில் எது எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

நிரப்பச் சொல்வதற்கு இன்னொரு முக்கியமான காரணம் சிறுகுடல். நீர்ப்பை காலியாக இருந்தால் அதன் சுருள்கள் அடிவயிற்றுக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். கதிர்வீச்சை அதிகம் தாங்க முடியாத உறுப்பு அது. உங்களுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மொத்த அளவு அநேகமாக 45 முதல் 50 கிரேக்குள் இருக்கும் (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). அந்த அளவில் குடலின் பெரும்பகுதி மாட்டிக்கொண்டால் இப்போது பேதியும் வயிற்றுவலியும் வரும். எப்போதோ சிலருக்கு வருடங்கள் கழித்துக் குடல் ஒட்டுதல், அடைப்பு என்றும் வருவதுண்டு. நிரம்பிய நீர்ப்பை அந்தச் சுருள்களை மேலே தள்ளி வைக்கிறது. நீர்ப்பைக்கும் இதில் லாபம் உண்டு. விரிந்திருக்கும்போது அதன் ஒரு பகுதி கதிர் படும் இடத்துக்கு வெளியே போய்விடும். சுருங்கிக் கிடந்தால் முழுவதுமாக உள்ளே மாட்டும்.

அப்படியானால் எவ்வளவுக்கு எவ்வளவு நிரப்புகிறோமோ அவ்வளவு நல்லதா? இதுவும் தவறான எண்ணம்தான். முட்ட முட்ட நிரப்பினால் கர்ப்பப்பை, திட்டத்தில் வரைந்த இடத்தைத் தாண்டி மேலே போய்விடும். எங்களுக்கு வேண்டியது திட்டமிடும் ஸ்கேன் எடுத்த அன்றைக்கு இருந்த அளவு, அல்லது அதற்குப் பக்கத்தில் ஓர் அளவு. அன்றைக்கு 250 மி.லி. இருந்தால் தினமும் 250ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஒருநாள் 450, மறுநாள் 80 என்றால்தான் தலைவலி.

முன்பெல்லாம் நான்கு பக்கத்திலிருந்தும் அகலமான பெட்டி போலக் கதிர் கொடுப்பார்கள். கர்ப்பப்பை கொஞ்சம் நகர்ந்தாலும் பெட்டிக்குள்தான் இருக்கும். கூடவே குடலும் நிறைய மாட்டும், அது வேறு கதை. இப்போதைய முறைகளில் நோய் இருக்கும் வடிவத்தை ஒட்டியே கதிரை வளைக்கிறோம். குடல் தப்பிக்கிறது. பதிலுக்கு, இடம் மாறினால் மன்னிக்கும் தாராளமும் குறைந்துவிட்டது. டெக்னீஷியன்கள் உங்களிடம் இவ்வளவு கறாராக இருப்பது இதனால்தான். கறாராக இருப்பதற்கும் கடிந்துகொள்வதற்கும் வித்தியாசம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை மட்டும் நிரப்புவது

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் கூட, ஒருநாள் குறைய என்று முன்னும் பின்னுமாக ஏற்படும் தவறுகள் 25 நாளில் ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டிவிடும். தினமும் ஒரே பக்கமாக விலகும் தவறு அப்படிக் கரையாது. கர்ப்பப்பையின் ஒரே ஓரம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைவாகவே வாங்கும். குடலின் ஒரே பகுதி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அதிகமாகவே வாங்கும்.

வாராந்திர ஸ்கேன் இருப்பதே இந்த மாதிரித் தவறைப் பிடிக்கத்தான். அந்த ஒரு நாள் சரியாக இருந்தால், மற்ற நாட்களும் இப்படித்தான் இருக்கும் என்று நம்பித்தான் டாக்டர் கையெழுத்துப் போடுகிறார். நீங்கள் திங்கள் மட்டும் நிரப்பிக்கொண்டு போகும்போது அந்தப் படம் பொய் சொல்கிறது. அதனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இப்படிப் பாதியோடு படுத்தது ஐந்து நாள். பயப்பட வேண்டிய எண்ணிக்கை இல்லை, ஆனால் இத்தோடு நிற்க வேண்டிய எண்ணிக்கை. நாளைக்கே உங்கள் கதிர்வீச்சு டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுங்கள். 'பாதி' என்பது எவ்வளவு என்று பார்க்க, நீங்கள் வழக்கமாகச் செய்கிற மாதிரியே போய்விட்டு வரச் சொல்லி ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்வார்கள். அந்த நிலையில் கதிர் எங்கே விழுந்திருக்கும் என்று கதிர்வீச்சு இயற்பியலாளர் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். பலருக்கு ஒன்றும் மாற்ற வேண்டியிருக்காது. மாற்ற வேண்டியிருந்தாலும் 11 நாள் மீதி இருக்கும்போது தெரிவது நல்லது. எல்லாம் முடிந்த பிறகு தெரிந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

திட்டுவார்களோ என்று தயங்குகிறீர்கள். சொல்லவே கூச்சமாக இருந்தால் ஒரு சின்னத் தாளில் எழுதி நீட்டுங்கள்: 'பிரசவத்துக்குப் பிறகு எனக்குக் கசிவு உண்டு. ஒன்பதாவது நாளிலிருந்து பாதி போய்விட்டுத்தான் படுக்கிறேன். திங்கட்கிழமை மட்டும் முழுதாக.' இந்த மூன்று வரி போதும்.

தண்ணீரை நிறுத்தியது இரட்டைத் தவறு

கசிவுக்குப் பயந்து இரவு எட்டு மணியோடு தண்ணீரை நிறுத்துகிறீர்கள். காலையில் உடம்பு வறண்டு கிடக்கும். அந்த நேரத்தில் அரை லிட்டரைக் குடித்தால் உடம்பு அதை வாங்கி வைத்துக்கொள்ளும், முக்கால் மணி நேரத்தில் நீர்ப்பைக்கு வருவது கொஞ்சம்தான். முந்தைய நாளிலிருந்தே அளவாகக் குடித்துவந்த உடம்பில் அதே அரை லிட்டர் மளமளவென்று இறங்கும். 'ஒரே அளவுதான் குடிக்கிறேன், ஒருநாள் நிறைகிறது, ஒருநாள் நிறையவில்லை' என்ற குழப்பத்துக்கு அநேகமாக இதுதான் காரணம். தண்ணீரைக் குறைப்பதால் நீர்ப்பை உங்கள் சொல்பேச்சு கேட்காது, கணிக்க முடியாததாகத்தான் மாறும். யூரின் கெட்டியாகி எரிச்சலும் கூடும்.

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. சிஸ்பிளாட்டின் கிட்னியைச் சோதிக்கிற மருந்து. அது தங்காமல் வெளியேற உடம்பில் தண்ணீர் வேண்டும். கீமோ நாளில் லிட்டர் கணக்கில் டிரிப்ஸ் ஏற்றுவது அதற்காகத்தான். வாரா வாரம் இந்த மருந்தை வாங்கிக்கொண்டு இரவெல்லாம் நாக்கு வறளப் படுப்பது கிட்னிக்கு நீங்களே வைக்கும் ஆபத்து. உறவினர் கிட்னியைப் பற்றிக் கவலைப்பட்டதில் தப்பில்லை, காரணத்தைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார். ஒரு மணி நேரம் யூரினை அடக்குவதால் கிட்னி கெடாது. சிறுநீர்க்குழாய் அடைத்துக் கிட்னி வீங்கியிருப்பவர்கள், அந்த அடைப்புக்காக உள்ளே ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்திருப்பவர்கள் மட்டும் தங்கள் டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் 2பி நிலையில் அந்த அடைப்பு கிடையாது. இருந்திருந்தால் 3பி என்றுதான் எழுதியிருப்பார்கள்.

ஆகவே பகல் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் சொல்வார், இதயப் பிரச்சினை இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. தூக்கம் கெடுகிறது என்றால் படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்கு முன் காபி, டீ, கோலா வேண்டாம். அவை யூரினை அவசரப்படுத்தும், புண்பட்ட நீர்ப்பையைச் சீண்டவும் செய்யும்.

கீமோ நாளைத் தனியாகப் பாருங்கள். டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது நீர்ப்பை அசுர வேகத்தில் நிறையும். அன்றைக்கும் வழக்கம்போல அரை லிட்டர் குடித்து முக்கால் மணி நேரம் காத்திருந்தால் தாங்காது. உங்கள் எட்டாவது நாள் கீமோ நாளா, அதற்கு மறுநாளா என்று நீங்கள் எழுதவில்லை. ஆம் என்றால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. டிரிப்ஸ் ஏறியிருக்கிறது என்பதை டெக்னீஷியனிடம் முன்கூட்டியே சொன்னால் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பார்கள். பேதியான நாளில் நிலைமை நேர் எதிர். உடம்பு நீரை இழந்திருக்கும், நிறைவது மெதுவாகும். அதையும் சொல்லுங்கள். பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதைச் சிகிச்சைக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். நீங்களாக நேரத்தை மாற்ற வேண்டாம்.

உண்மையாகவே அடக்க முடியவில்லை என்றால்

பிரசவத்தில் இடுப்படித் தசைகள் தளர்ந்து இருமும்போது கசிவது எத்தனையோ பெண்களுக்கு இருக்கிறது. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஆனால் திட்டமிடும் முன்பே இது எங்களுக்குத் தெரிய வேண்டிய தகவல். ஆரம்பத்தில் உங்களிடம் யாராவது கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்றால் அது எங்கள் பக்கத்துக் குறை. கசிவு இல்லாதவர்களுக்கும் வாரங்கள் போகப் போக நீர்ப்பை பிடிக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். கதிர்வீச்சால் உள்சுவர் சிவந்து சீக்கிரமே முட்ட ஆரம்பிக்கும். முதல் வாரம் சுலபமாக அடக்கியவர் நான்காவது வாரம் திணறுவது வழக்கமாக நாங்கள் பார்ப்பதுதான். உங்கள் மன உறுதி குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

என்னென்ன செய்யலாம்? நான் உங்கள் டாக்டராக இருந்தால் முதலில் யோசிப்பது அளவைக் குறைப்பதைத்தான். நீங்கள் நிம்மதியாக அரை மணி நேரம் தாங்கக்கூடிய அளவு எதுவோ, உதாரணமாக 150 மி.லி., அந்த நிலையில் புதிதாக ஸ்கேன் எடுத்துத் திட்டத்தை மாற்றிப் போடலாம். குடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஆனால் தினமும் உண்மையாக எட்டக்கூடிய 150, காகிதத்தில் மட்டும் இருக்கும் 300ஐ விட எவ்வளவோ மேல். புதுத் திட்டம் தயாராக ஓரிரு நாள் ஆகலாம், அதுவரை பழைய திட்டத்திலேயே தொடர்வார்கள்.

காலியான நீர்ப்பையோடு கொடுப்பது இன்னொரு வழி. தினமும் ஒரே மாதிரி இருக்க இது சுலபம், உங்களுக்கும் வேதனை இல்லை. குடல் அதிகம் மாட்டும் என்பதுதான் தடை. கர்ப்பப்பை எங்கே படுத்திருக்கிறது, குடல் எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்துச் சிலருக்கு இது சரிப்படும். வசதி உள்ள இடங்களில் காலி, பாதி, முழு என்று இரண்டு மூன்று திட்டங்களைத் தயாராக வைத்துக்கொண்டு, அன்றன்றைக்கு எடுக்கும் ஸ்கேனைப் பார்த்துப் பொருந்துவதைப் போடுகிறார்கள். எல்லா இடத்திலும் இது கிடையாது, கேட்டுப் பார்க்கலாம்.

உங்கள் கணவர் சொல்லும் டியூபுக்கு வருவோம். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாரக்கணக்கில் டியூபோடு இருந்தால் கிருமித் தொற்று வர வாய்ப்பு அதிகம். கீமோவால் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அந்தத் தொற்று காய்ச்சலாகி, சிகிச்சையையே நிறுத்த வைத்துவிடலாம். ஏற்கனவே எரிந்துகொண்டிருக்கும் நீர்ப்பைக்கு டியூபின் உரசலும் ஆகாது. வேறு வழியே இல்லாத சிலருக்கு வைக்கிறோம். உங்கள் நிலையில் நான் அவசரப்பட மாட்டேன்.

சின்ன ஏற்பாடுகளும் உண்டு. மேஜையில் நீர் ஒட்டாத விரிப்பு போடச் சொல்லலாம். காத்திருக்கும்போது பேட் வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் ஏறும்போது எடுப்பதா வேண்டாமா என்று அவர்களையே கேளுங்கள். நீர்ப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் சின்ன அல்ட்ராசவுண்ட் கருவி அங்கே இருந்தால், உள்ளே போவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம். 'போதவில்லை, இறங்கிப் போய்க் குடித்துவிட்டு வாருங்கள்' என்ற பேச்சுக்கே இடமிருக்காது. மலச்சிக்கலும் வாயுவும் பின்பக்கத்திலிருந்து கர்ப்பப்பை வாயைத் தள்ளும், அதனால் காலையில் வயிறு சுத்தமாக இருப்பதும் முக்கியம்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை

எட்டாவது நாள் தவறு உங்களுடையது இல்லை. ஒன்றரை மணி நேரம் அடக்குவது யாருக்கும் கஷ்டம்தான். தண்ணீரை உங்கள் அப்பாயின்ட்மென்ட் நேரத்தை வைத்துக் குடிக்காதீர்கள், மிஷின் நேரத்தை வைத்துக் குடியுங்கள். 'இப்போது குடிக்க ஆரம்பிக்கலாமா, எனக்கு முன்னால் எத்தனை பேர்?' என்று கேட்பது தொந்தரவே அல்ல. குடித்த பிறகு தாமதம் என்று தெரிந்தால் உடனே போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலும் முழுவதுமாகப் போய்விட்டு வந்து முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். முழுவதுமாக என்பதைக் கவனியுங்கள். பாதி போவதில்தான் கணக்கே கெடுகிறது, பாதி எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கோடிக்கணக்கில் மிஷின் வாங்கும்போது, காத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நல்ல கழிப்பறை இருக்கிறதா என்று எங்கள் துறையில் யாரும் யோசிப்பதில்லை. இது என் பழைய ஆதங்கம்.

உள்ளே தனியாகப் படுத்திருக்கும்போதும் உங்களைக் கேமராவில் பார்த்துக்கொண்டும், மைக்கில் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். தாங்க முடியவில்லை என்றால் 'நிறுத்துங்கள்' என்று சொல்லலாம், அல்லது முதலிலேயே பேசி வைத்துக்கொண்டபடி கையைத் தூக்கலாம். கதிர் உடனே நின்றுவிடும். எதுவரை கொடுத்தோம் என்பது மிஷினில் பதிவாகியிருக்கும். நீங்கள் போய்விட்டு வந்ததும் மீண்டும் தயாராகி, படம் எடுத்துப் பார்த்து, மீதியை மட்டும் கொடுப்பார்கள். சொல்லாமல் எழுந்திருப்பதும் இடுப்பைத் திருப்புவதும்தான் கூடாது.

பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று கேட்கலாம். கடுமையாகப் பேசினால் வாராந்திரப் பரிசோதனையின்போது டாக்டரிடம் சொல்லலாம். அதற்காக உங்கள் சிகிச்சையில் யாரும் கைவைக்க முடியாது.

பத்து நாள் ஓய்வு ஏன் கூடாது

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் வெளிக்கதிர் ஆரம்பித்த நாளிலிருந்து உள்கதிர் முடியும்வரை எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் கணக்கு. நீட்டிக்கொண்டே போனால் தப்பிப் பிழைத்த புற்றுச் செல்கள் மறுபடி பெருக ஆரம்பித்துவிடும். நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. நீர்ப்பை சரியாக நிரம்பாத ஒரு நாளை விட, போகாமல் விட்ட ஒரு வாரம் பல மடங்கு கெடுதல். நீர்ப்பை நிறைந்ததோ இல்லையோ, தினமும் போய் நில்லுங்கள். மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

உள்கதிர் சிகிச்சையை நினைத்தும் பயந்திருக்கிறீர்கள், 'அங்கேயும் அடக்கச் சொல்வார்களா' என்று. மாட்டார்கள். அதில் மயக்க மருந்தோ வலி தெரியாத ஊசியோ கொடுத்து, கருவியை உள்ளே வைக்கும்போதே நீர்ப்பைக்கு டியூபும் வைத்துவிடுவார்கள். நீர்ப்பை காலியாக இருக்க வேண்டுமா, இத்தனை மி.லி. இருக்க வேண்டுமா என்பதை அவர்களே டியூப் வழியாகப் பார்த்துக்கொள்வார்கள். சில மணி நேர விஷயம், நீங்கள் எதையும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எரிச்சல்

மூன்றாவது வாரத்தில் எரிச்சலும் அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வும் கதிர்வீச்சாலேயே வரலாம். சிகிச்சை முடிந்து சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் கிருமித் தொற்றும் அச்சு அசலாக இதே மாதிரிதான் இருக்கும், அறிகுறியை மட்டும் வைத்து என்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது. யூரின் டெஸ்டும், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரும் கொடுத்துவிடுங்கள். தொற்று என்றால் மருந்தில் சரியாகும், அடக்கும் திறனும் ஓரளவு திரும்ப வரும். உங்களுடைய சமீபத்திய திணறலுக்கு இதுவே ஒரு காரணமாக இருக்கலாம்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, யூரினில் ரத்தம் தெரிந்தாலோ, யூரின் வராமலே நின்றுவிட்டாலோ காலைவரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். எரிச்சலுக்காகக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிப் போடாதீர்கள். சிஸ்பிளாட்டினோடு சேர்ந்தால் அவை கிட்னியைப் பதம் பார்க்கும். அடுத்த கீமோவுக்கு முன் எப்படியும் ரத்தம் எடுப்பார்கள். ஆனால் கல்ச்சர் ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதனால் யூரினை நாளைக்கே கொடுத்துவிடுங்கள்.